மைல்ட்

வின்னிபெக் வந்த முதல் ஜனவரியில்
பக்கத்து வீட்டு கொஸ்தியுக்
பனி அள்ளுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்:
இன்றைக்கு மைல்ட்.
மைனஸ் ஒன்பது.
மூக்கு இருக்கிறதா என்று
தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது எனக்கு.

அகராதி மிதமான என்றது, மென்மையான என்றது.
கேலி செய்கிறார் மனிதர் என்று
கதவைச் சாத்திக்கொண்டேன்.

பிறகு கடையில் வேலை.
சல்சா பாட்டில்களை அடுக்க வேண்டும்:
சிவப்பு மூடி ஹாட், மஞ்சள் மீடியம், பச்சை மைல்ட்.
ஊழியர் தள்ளுபடியில் பச்சை ஒன்று வாங்கினேன்.
தக்காளி. வேறொன்றுமில்லை.
மைல்ட் சீஸ் சோப்பைப் போலிருந்தது,
மைல்ட் சோப்பு எதைப் போலவும் இல்லை.

மார்ச்சில் ஒருநாள் மைனஸ் நான்கு.
கோட்டுப் பொத்தானைத் திறந்துவிட்டு
வேலிக்கு மேலாக நானே சொன்னேன்: மைல்ட்.
நாற்பத்திரண்டு பார்த்திருக்கிறேன், கார் டயர் சதுரமாகும்
என்று சிரித்தார் கொஸ்தியுக்.
பாஸாகிவிட்டேன்.

அன்றிரவே கோவில்பட்டியிலிருந்து தம்பி.
ஒண்ணுமில்லக்கா,
அப்பாவுக்கு மைல்ட் அட்டாக்தான்.
அந்தத் 'தான்' இரண்டே எழுத்து,
அதன்மேல் முழுப் பாரத்தையும் வைத்து நின்றான்.

போன வருஷம் என்றால்
அப்பாடா என்று திரும்பிப் படுத்திருப்பேன்.

யார் சொன்னது மாரிச்செல்வா, நீயா, டாக்டரா?
அவர் இதுவரை
எத்தனை மைனஸ் பார்த்தவர்?

பதில் வரவில்லை.
ஆஸ்பத்திரி மின்விசிறி
கடகடவென்று
ஓடிக்கொண்டிருந்தது போனுக்குள்.