நான்கு விரற்கிடை

"என் போருக்கு எத்தனை வரி?"
"மூன்று, ராஜாவே."
"அந்த ஓக்லாளுக்கு?"
அக்போர் தோல்சுருளை விரித்தான்,
விரித்துக்கொண்டே போனான்.

மதில் வேலைக்குப் பிடித்துப்போன மகனைக்
கேட்டு வந்தவள்
ஒரு சொட்டும் அழவில்லை.
முகங்குப்புற விழுந்து சொன்னாள்:
"நீர் நியாயவான்,
ஆகவே இது உமக்குத் தெரிந்திராது.
நீர் ராஜா,
ஆகவே உமக்குத் தெரியாமல் எதுவும் நடந்திராது.
அடியாள் பேதை.
இரண்டில் எதை நம்பட்டும்?"

அவையில் யாரோ இருமினார்கள்.
அரியணையின் தந்தச் சிங்கங்கள் மட்டும்
வாய் திறந்திருந்தன.

"நான் என்ன சொன்னதாக எழுதினாய்?"
"ஒன்றும் எழுதவில்லை.
இங்கே நான்கு விரற்கிடை விட்டிருக்கிறேன்.
கொம்பில் மை இருக்கிறது,
இப்போது சொன்னாலும் எழுதுவேன்."

ராஜா சன்னல் பக்கம் திரும்பினான்.
கீழே
உளிச் சத்தம்.