மாடு குறுக்கே வரவில்லை

கனகராயன்குளம் தாண்டி
மூன்றாவது கிலோமீற்றர் கல்லடியில்
சூட்டு முள் சிவப்பில் போய்ப் படுத்துக்கொண்டது.
நான் பார்க்கவில்லை.
பின்சீற்றில் செபமாலை அண்ணை
யூரியாக் கணக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.
வயலுக்குப் போடுகிறது அல்ல,
அவருடைய இரத்தத்தில் இருக்கிறது.
செவ்வாயும் வெள்ளியும்
வவுனியா ஆசுபத்திரியில் அதைக் கழுவ வேண்டும்.

பொனற்றுக்குள்ளே
யாரோ கரண்டிகளை உரலில் போட்டு இடித்தார்கள்.
பிறகு
சத்தமே இல்லை.

அவரை மறித்த பஸ்ஸில் ஏற்றிவிட்டு
கயிறு கட்டி, ஒரு உழவு இயந்திரத்தின் பின்னால்
புளியங்குளம் சந்திக்குப் போனேன்.
லீசிங் முடிய இன்னும் இருபத்தியேழு மாதம்.
அன்ரன் ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்தான்.
பால்கோப்பி மாதிரி இருந்தது.
"ஹெட் கஸ்கற் போட்டுது, பிஸ்ரனும் பிடிச்சிட்டுது.
மூண்டே கால் லட்சம் அக்கா.
அதுவும் பழைய சாமானுக்கு."

நான் சிரித்தேன்.
"ஃபுல் இன்சூரன்ஸ் அன்ரன்.
ஃபுல்."
வருசம் அறுபத்தோராயிரம் கட்டி
வாங்கி வைத்திருந்த சொல் அது.

தொலைபேசியில் வந்த பிள்ளைக்குத் தர்மிளா என்று பெயர்.
நல்ல குரல். அவசரப்படவில்லை.
மோதினதோ?
இல்லை.
மரம் கிரம் விழுந்ததோ?
இல்லை.
தீ, வெள்ளம், களவு?
இல்லையம்மா.
"அப்ப என்னக்கா நடந்தது?"
ஓடினது, என்றேன்.
ஓடி ஓடி நின்றது.
"அது தேய்மானம் அக்கா.
தேய்மானத்துக்குக் காசில்லை."

அன்றிரவுதான் பத்திரத்தை முதன்முதலாய் வாசித்தேன்.
எறும்பு எழுத்து.
தமிழ்ப் பக்கம் கடைசியில்.
எதற்கெல்லாம் தரமாட்டோம் என்ற இடத்தில்
யுத்தம், துரு, தேய்வு, இயந்திரக் கோளாறு
என்று ஒரே வரியில் இருந்தது.
யுத்தத்துக்கும் துருவுக்கும் இடையில்
ஒரு காற்புள்ளி மட்டும்.

காலையில் அன்ரன் குரலைத் தாழ்த்தினான்.
"மாடு குறுக்க வந்ததெண்டு சொல்லுங்கோ.
முன் பம்பரிலை ஒரு தட்டுத் தட்டிவிடுறன்.
றேடியேற்றர் உடைஞ்சது, தண்ணி போனது, எஞ்சின் பிடிச்சது.
குடுப்பாங்கள்."
சுத்தியல் மேசையில் கிடந்தது.

இந்த வீதியில் மாட்டுக்கா பஞ்சம்.
கண்ணை மூட முதல் ஒன்றை உருவாக்கிவிட்டேன்:
செம்மண் நிறம்,
ஒற்றைக் கொம்பு,
சொந்தக்காரர் ஒருவரும் தேடி வராத மாடு.

பொய் எழுத எனக்குத் தெரியாததல்ல.
மீளக் குடியேறின வருசம் ஒரு படிவம் தந்தார்கள்.
நாலு ஆடு என்று எழுதினேன்.
இருந்தது இரண்டு.
இல்லாத அந்த இரண்டு ஆட்டுக்கும் காசு வந்தது.
மெய்யாய்ப் போனதை எழுத
அதில் கட்டம் இருக்கவில்லை.
அந்தக் காசில் வாங்கின தகரம்
இன்னும் குசினிக்கு மேலே இருக்கிறது.
மழை பெய்தால்
இரண்டு ஆடு ஓடுகிற மாதிரிக் கேட்கும்.

"வேண்டாம்" என்றேன்.
நல்லவள் என்பதால் அல்ல;
இன்னொரு சத்தத்தோடு படுக்க ஏலாது.
மாதம் பதினையாயிரப்படி தாறன்,
மெல்லக் கழட்டு.
அன்ரன் தலையைச் சொறிந்தான்.
பிறகு பத்தாம் இலக்கச் சாவியைத் தேடினான்.

செவ்வாய்க்கிழமை
நானும் செபமாலை அண்ணையும் பஸ்ஸில் போனோம்.
முழுக்கதையும் சொன்னேன், மாட்டின் கொம்பு வரைக்கும்.
"எனக்கும் உதுதான் பிள்ளை" என்றார்,
வயிற்றுப் பக்கத்தைத் தொட்டு.
"ஒண்டும் மோதேல்லை."

மூன்றாவது கல்லடியில் சாரதி பிரேக் போட்டான்.
நின்றவர்கள் எல்லாம் ஒருவர் மேல் ஒருவர்.
நடு வீதியில் ஒரு மாடு.
செம்மண் நிறம். ஒற்றைக் கொம்பு.
ஹோர்ன் அடிக்க அடிக்க
அசைபோட்டுக்கொண்டு நின்றது.

செபமாலை அண்ணை யன்னலால் எட்டிப் பார்த்தார்.
"ஒரு கிழமை பிந்தி வந்திருக்கு"
என்றார்.