மூன்றாம் எதிரி

பத்மநாபபுரம் கோர்ட்டில் எனக்கு
மூன்றாம் எதிரி என்று பேர்.
முதலாம் எதிரி எஸ்டேட் முதலாளி கிளாட்சன்.
இரண்டாம் எதிரி கான்ட்ராக்டர், வாய்தாவுக்கு வராதவர்.
யாருக்கு எதிரி என்று டவாலியிடம் கேட்டேன்.
'அது கோர்ட் பாஷைடே, ஒதுங்கி நில்லு' என்றார்.

மூன்று ராத்திரி வேலை.
கடையலுக்கு மேலே ரப்பர் காட்டுக்குள்
செண்பகத் தோடு
இரண்டு பாறைக்கு நடுவே இடுப்பை ஒடுக்கிப் போகும் இடம்.
(தோடு எங்களுக்குக் காதில் கிடப்பதல்ல, ஓடுவது.)
தை மாசம். அன்னாசிக்கு வெள்ளம் வேணும் என்றார் முதலாளி.
அனுமதி உண்டா என்று நான் கேட்கவில்லை.
மணிக்கு எவ்வளவு என்று கேட்டேன்.
ஆயிரத்து இருநூறு. டீசல் அவருடையது.

பதினாலு மீட்டர் நீளம், இரண்டேகால் உயரம்
என்று பிறகு மகஜரில் எழுதினார்கள்.
அளக்கிற டேப்பின் மறுமுனையைப் பிடித்து
சேற்றில் நின்றவனும் நான்தான்.
வி.ஏ.ஓ. அம்மாவுக்கு வேறே ஆள் இல்லை.

பொதுப்பணித்துறை நோட்டீஸை
முதலில் ஒரு ரப்பர் மரத்தில் ஒட்டினார்கள்.
பால் வடிந்து எழுத்தை மூடிவிட்டது.
என் கட்சிக்காரர் அதை வாசிக்கவே இல்லை என்றார் வக்கீல்.
இரண்டாவதை பங்களாக் கதவில் ஒட்டினார்கள்.
தேக்கு. பால் வடியாது.

லில்லிபுஷ்பத்துக்கு தோட்டின் கீழே
நானூறு மூடு மட்டி வாழை.
குலை தள்ளுகிற நேரம்.
கூண்டில் ஏறி அவள் சொன்னாள்:
'ஞாயித்துக்கிழமை ஆராதனைக்குப் போகும்போ கால் களுவினேன்.
திரும்பி வந்து களுவ வெள்ளம் இல்ல.'
தோட்டின் சர்வே நம்பர் தெரியுமா என்று வக்கீல் மடக்கினார்.
'நம்பர் எனக்குத் தெரியாது. உங்க பேரும் தெரியாது.
அதுக்காவ நீங்க இல்லாம ஆயிருவியளா?'
டைப்பிஸ்ட் இதையும் அடிப்பதா என்று
நீதிபதியை நிமிர்ந்து பார்த்தாள்.

என் வண்டி பதினோரு மாசம்
ஸ்டேஷன் வளாகத்தில், அயனி மரத்தடியில்.
கோர்ட்டுக்கு மே மாசம் லீவு. தவணைக்கு இல்லை.
பக்கெட்டில் மழைவெள்ளம் தேங்கி
கொசுப்புழு நெளிகிறது என்று
சுகாதாரத்துறை வந்து இருநூறு ரூபாய் தீட்டினது.
அனுமதியில்லாமல் நான் கட்டிய
இரண்டாவது அணை அது.

தீர்ப்பை நின்றுகொண்டே கேட்டோம்.
முதலாளிக்கு அபராதம், வாழைக்கு இழப்பீடு,
முப்பது நாளில் சொந்தச் செலவில் இடிப்பு.
எனக்கு ஐயாயிரம், கட்டத் தவறினால் ஒரு மாசம் உள்ளே.
வண்டிக்கு ஒரு ஜாமீன் பத்திரம்,
அதில் என் கையெழுத்து ஏழு இடத்தில்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார்.
'கெட்டினவன் நீ. எங்க இளக்கம்னு உனக்குத்தானே தெரியும்.'
ஆயிரத்து இருநூறு.
டீசல் இந்தத் தடவை என்னுடையது.

பகல் வெளிச்சத்தில், குடைபிடித்த அதிகாரிகள் நடுவே
அந்தத் தோட்டை முதல்முறையாகப் பார்த்தேன்.
அணையில் என் பக்கெட் பல்லின் தடம்
வரிவரியாய் அப்படியே இருந்தது.
ஒரேயடியாகத் திறக்காதே, மேலிருந்து அரை அரை மீட்டர்
என்றார் இன்ஜினீயர்.
சேற்றுக்குள் துள்ளிய ஆரலை
பையன்கள் முண்டில் கோரினார்கள்.
கீழே, வெள்ளம் வந்து சேரும் முன்பே
லில்லிபுஷ்பம் மண்வெட்டியால் வாய்க்காலைக் கீறிக்கொண்டிருந்தாள்.
எஞ்சினை நிறுத்தினேன்.
அவள் நிமிரவில்லை. கோபமாகவும் தெரியவில்லை,
வேலை இருந்தது அவளுக்கு.

கட்டியதற்கு யாரும் பில் கேட்கவில்லை.
இடித்ததற்குக் கோர்ட்டில் காட்ட பில் வேண்டுமாம்.
மார்த்தாண்டத்தில் நாற்பது ரூபாய்க்கு பில் புக் வாங்கி
முதல் தாளில் எழுதினேன்:
மண் அள்ளிய வகையில், ஆறரை மணிக்கூர்.

இழப்பீடு கூடுதல் என்று
முதலாளி நாகர்கோவிலில் அப்பீல் போட்டிருக்கிறார்.
வருகிற பதினேழாம் தேதி.
மூன்றாம் எதிரியும் போகணும்.