ஏழு கிலோமீட்டர்

ஸேப்ருக் துறைமுகத்தில்
கப்பல் இறக்கிவிட்டுப் போன கார்கள்
பிப்ரவரியிலிருந்து நிற்கின்றன.
முதலில் எண்ணினேன்.
நாலாயிரத்துச் சொச்சத்தில் விட்டுவிட்டேன்.

வரிசை வரிசையாகப் போய்
சாகக் கிடக்கும் பேட்டரிக்கு
மின்சாரம் ஊட்டுவது என் வேலை.
நிறைய அல்ல,
உயிர் ஒட்டிக் கிடக்கும் அளவு.

கதவைத் திறந்ததும் ஒவ்வொன்றும்
நல்வரவு சொல்கிறது,
வந்தது யாரென்று பாராமலே.
ஓடிய தூரம் ஏழு கிலோமீட்டர்.
அதுவும் ஆலையிலிருந்து கப்பலுக்கு,
கப்பலிலிருந்து இங்கே.

மட்டியை உயரத்திலிருந்து போட்டு உடைக்க
கடற்காகங்களுக்கு வாகான கூரைகள்.
காலையில் ஓட்டைப் பெருக்குவதும் நான்தான்.

போன வாரம் கென்ட்டிலிருந்து
விற்பனைக்காரர் லோடெவைக் வந்தார்.
மானியம் நின்றுபோச்சு,
சனங்கள் யோசிக்கிறார்கள் என்றார்.
எதை என்றேன்.
கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.
"பாதி விலைக்கு நீயே ஒன்று எடுத்துக்கொள்ளேன், வான்னஸ்."

எனக்கு நாலாம் மாடி.
தெருவில் ஒரு பிளக் கிடையாது.
சன்னல் வழியே கேபிளை இறக்கினால்
கீழ்வீட்டு ஓடெட்
போலீஸைக் கூப்பிடுவாள்.

நேற்று ராத்திரி
கடைசி வரிசையில் ஒரு சாம்பல் நிறக் காரை எடுத்து
கிடங்கை இரண்டு சுற்று சுற்றினேன்.
சத்தமே இல்லை.
சக்கரத்தடியில் சரளை மட்டும்
ஏதோ மென்றுகொண்டிருந்தது.
இடத்தில் நிறுத்திப் பார்த்தேன்:
எட்டு.

பிறகு என் பழைய டீசலை
மூன்றாம் முயற்சியில் கிளப்பி
வீட்டுக்குப் போனேன்.