ஒரு முழம்

ஃபோர்மென்தேராவில் பகல் சாப்பாட்டுக்கு
இரண்டு மணி நேரம் நின்றோம்.
இறால், எலுமிச்சை, குளிர்ந்த வைன்.
"தண்ணீர் எப்படி இவ்வளவு தெளிவாய்?"
விருந்தாளி கேட்டார்.
தானே வடிகட்டியதுபோல் சிரித்தார் முதலாளி.

நான்கு மணிக்கு விசையை அழுத்தினேன்.
சங்கிலி முறுகி ஏறியது.
நங்கூரக் கொழுவில்
வேரும் மணலுமாய்
ஒரு பச்சைக் கற்றை.

கடற்புல் ஆண்டுக்கு
ஒரு விரற்கடைதான் படரும் என்று
துறைமுகச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்,
மூன்று மொழிகளில், பாதி கிழிந்து.
யாரும் பார்க்காதபோது
முழம் போட்டேன்.
முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை,
சரியாக ஒரு முழம்.
இருபத்துநாலு விரற்கடை.
எனக்கு வயது இருபத்துமூன்று.

இலைகளுக்குள் கண்ணாடிபோல் ஒரு குஞ்சு இறால்
காலை உதைத்தது.

"நியேவெஸ், அந்த அழுக்கைக் கழுவிவிடு!"

குழாயைத் திறக்கவில்லை.
இரு கையிலும் ஏந்தி
எடுத்த இடத்திலேயே விட்டேன்.
இறங்கவில்லை அது.
மல்லாந்து மிதந்தது.

அடுத்து வந்த படகுக்காரர் நல்லவர்.
குனிந்து, நெடுநேரம் நீருக்குள் பார்த்து,
புல் இல்லாத இடமாய்த் தேடி
எங்கள் சங்கிலி பெருக்கிவைத்த வெறுமணலில்
மெதுவாக
நங்கூரம் இறக்கினார்.