துலி, தூலி, துல்லி

பழுப்பு ஒட்டுத்தாளை உரித்து
மின்கலத்தை ஒரு நிமிடம் காற்றுக்குக் காட்ட வேண்டும்.
அது மூச்சு வாங்கிக்கொள்ளுமாம்.
உரித்த தாள்களைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுகிறேன்,
வாரத்துக்கு இரண்டு, காதுக்கு ஒன்று.
கோட்காவில் இப்போது நவம்பர்.
கதவு ஏறக்குறைய பழுப்பாகிவிட்டது.

காகித ஆலை, மூன்றாம் எந்திரம், முப்பத்தோரு வருடம்.
காதுக்கவசத்தைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பேன்,
பக்கத்தில் நிற்கும் ரைலியின் மட்டமான நகைச்சுவை
தவறிவிடக் கூடாதே என்று.
ஒரு நகைச்சுவையும் ஞாபகமில்லை.
காதுதான் தவணை தவணையாகப் போனது.
முதலில் மைக்ரோவேவின் கூவல்,
அப்புறம் ஆலாப் பறவை,
அப்புறம் சொற்களின் ஓரங்கள்.
நடுப்பகுதி மட்டும் மிச்சம்,
ஓரம் வெட்டிய ரொட்டி மாதிரி.

வங்கி முகப்பில் காது படம் போட்ட நீலப் பலகை.
கருவியின் விசையை மாற்றிக்கொண்டு நின்றேன்.
ஒன்றும் வரவில்லை.
'அதை யாராவது போட்டுவிட வேண்டுமோ?'
அந்தப் பெண்ணின் உதட்டில் படித்தேன்.
பலகையோ பளபளவென்று இருந்தது.
துடைக்க ஆள் இருக்கிறது.

தம்பி தைஸ்தோவோடு பேசி ஆறு வருடம்.
சண்டை ஒன்றுமில்லை.
கேட்காததைக் கேட்டதாகத் தலையாட்டும் ரகம் நான்.
தொலைபேசியில் தலையாட்டி என்ன பயன்?

இந்தப் புதுக் கைபேசி
பேச்சை எழுதிக்காட்டும் என்றார்கள்.
எழுதும்.
ஆனால் எங்கள் மொழியில்
குறிலுக்கும் நெடிலுக்கும் நடுவே ஒரு வீடே எரிந்துபோகும்.
துலி என்றால் நெருப்பு.
வந்தது என்பதும் துலிதான்.
இழுத்தால் தூலி, காற்று.
நடுவில் ஓர் ஒற்று விழுந்தால் துல்லி, சுங்கத்துறை.

செவ்வாய் இரவு அழைப்பு வந்தது, நேரே மண்டைக்குள்.
திரையில் எழுத்து ஓடியது:
சுங்கத்துறை சவுனாவின் கூரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.
'அப்படி என்னடா கடத்தினாய்?' என்று சிரித்தேன்.
எழுத்து தயங்கியது. தன்னையே அழித்துத் திருத்தியது:
நெருப்பு சவுனாவின் கூரையை

அவசர எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப
பெயரைப் பதிந்துவைத்திருக்கிறேன்.
விரல் அங்கே போய்விட்டது.
'தைஸ்தோ, குறிலா நெடிலா?'
என்ன, என்றது திரை.
ஆயுளில் முதல்முறை
அவன் என்னைக் கேட்கிறான், என்ன என்று.
'இழுக்கிற சொல்லா, வெட்டுகிற சொல்லா? சொல்லடா!'

அவன் சொல்லவில்லை.
ஊதினான்.
அறுபத்தாறு வயது ஆள், தீவில் தனியாக நின்று
புயல் மாதிரி ஊளையிட்டான்.
என் காதில் அது வெறும் கரகரப்பு.
திரை கொஞ்சம் யோசித்தது.
பிறகு அடைப்புக்குறிக்குள் எழுதியது: இசை.

நான் சிரித்த சிரிப்பில்
இரண்டு கருவியும் கீச்சிட்டன.

தூலி துலி. காற்று வந்தது.
அவ்வளவுதான் விஷயம்.
அதற்கு எத்தனை துறைகள்!

பிறகு திரை வெறுமையாகக் கிடந்தது.
இணைப்பு அறுந்ததா, மூக்குச் சிந்துகிறானா,
போர்வையைத் தேடப் போனானா,
எதுவும் தெரியவில்லை.
'ம்' என்பதை அது எழுதாது.
எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு 'ம்'தான்.

கொஞ்சம் கழித்து ஒரு படம் வந்தது.
நாலு சுவர். அடுப்புக் கற்களின் மேல் பனி.
மூலையில் மங்கலாக அவன் கட்டைவிரல்,
நகம் கறுத்திருந்தது.

வலது காதில் மூன்று இறங்கு மணி.
மின்கலம் தீரப் போகிறது.
சனிக்கிழமை வருகிறேன், படகுத்துறைக்கு வா என்றேன்
அவசர அவசரமாக,
இழுக்க வேண்டியதைக்கூட இழுக்காமல்.

கேட்டதா, தெரியாது.
பழுப்புத் தாளை உரித்து
காற்றுக்குக் காட்டிக்கொண்டு நின்றபோது
மேசையில் கைபேசி ஒருமுறை நடுங்கியது.
தட்டச்சில், ஒரு பிழையுமில்லாமல்:
ஆணி கொண்டுவா. நாலங்குலம்.