ஆறு தசம் எட்டு

விடியப்புறம் இரண்டு இருபது.
பதினாலாம் வார்டிலிருந்து ஒரு குழாய்,
ஊதா மூடி, கிறுக்கின லேபிள்:
எமில்டா. மண்டைதீவு. வயசு முப்பத்தேழு.
சரிச்சுப் பார்த்தேன்.
கண்ணாடியில் வழிஞ்ச சிவப்பு
சாயம் போதாத தேத்தண்ணி மாதிரி.

மெஷின் உறிஞ்சி, யோசிச்சு, சொன்னது
ஆறு தசம் எட்டு.
நம்பாமல் திரும்பவும் விட்டேன்.
ஆறு தசம் எட்டு.

வார்டுக்குப் போன் எடுத்துச் சொல்லி முடிக்கக்
கரண்ட் நிண்டது.
ஜெனரேட்டர் இருமி எழும்ப முன்னம்
மேற்கு யன்னலைத் திறந்தேன்.
ஊர் முழுக்க அணைஞ்சு கிடக்க
கோட்டைக்கு மேல் வெள்ளியள்,
ஒருத்தரும் கேட்காமலே
எல்லாத்தையும் எரிச்சபடி.

பண்ணைக் கடலில் இறங்கப் போற ஆறாமீனுக்கு
வயசு பத்துக் கோடி.
இன்னும் நீலம், இன்னும் பிள்ளைகள்.
அதுக்கு மேலே திருவாதிரைக்கு
ஒரு கோடிதான் இருக்கும்.
அதுக்குள்ளே ஊதி, சிவந்து, கிழண்டு போச்சு.
பாரமாய்ப் பிறந்த வெள்ளி பறந்து பறந்து எரியும்.
சின்னன்கள் சிக்கனம்,
சிம்னி விளக்குத் திரியைக் குறைச்சு வைச்சமாதிரி
எண்ணிக்கை தப்பிப் போகுமளவுக்கு இருக்கும்.

அந்தத் தை மாதம் அது மங்கியிருந்தது.
வெடிக்கப் போகுதெண்டு பேப்பரிலும் வந்தது.
நான் படிச்சது இவ்வளவுதான்:
ஐதரசன் முடிய ஹீலியம்,
ஹீலியம் முடியக் கரி, பிறகு வேற வேற,
ஒவ்வொரு அடுப்பும் முந்தினதைவிடக் கெதியில் அணையும்.
கடைசி அடுப்பு ஒண்டிரண்டு நாள்,
எங்கட இரண்டு மூண்டு டியூட்டி.
அதின்ர சாம்பல் இரும்பு.
இரும்பு சூடு தராது, சூடு கேட்கும்.
நடுவில் இரும்பு நிறைஞ்ச அந்தக் கணம்
தாங்கிப் பிடிக்க ஒண்டுமில்லை.
கண் வெட்டி மூட முன்னம்
தன்மேலேயே இடிஞ்சு விழும்.

இரும்பு வந்ததாலே சாகுது அது.
இரும்பு போனதாலே
பதினாலாம் வார்டில் மூச்சு வாங்குது இது.

ஜெனரேட்டர் வந்தது. யன்னலைச் சாத்தினேன்.
பி பொசிற்றிவ். பொருத்தம் பார்த்து
இரண்டு பை எடுத்து வைச்சேன்.
தந்தவர் கொக்குவிலில் இரும்பு ஒட்டுறவர்
எண்டு எழுதினால் வடிவாய் இருக்கும்.
கொட்டடிக் கோழிக்கடைக்காரர் அவர்,
பெயர் நிமலரூபன்,
பிஸ்கட் இரண்டு தரேல்லை எண்டு கோவிச்சவர்.
அவரின்ர உடம்பு முழுக்க உருக்கினாலும்
ஓர் ஆணிதான் வரும்.
அந்த ஆணியும்
இந்தப் பூமிக்கு முந்தி எங்கேயோ செத்த
வெள்ளியளின்ர மிச்சம்.
அதைப் பற்றி அவருக்குக் கோவமில்லை.

சித்திரையில் திருவாதிரை பழையபடி வெளிச்சம்.
தூசியாம். தும்மினதாம்.
வெடிக்கேல்லை எண்டு
எனக்கேன் கொஞ்சம் ஏமாற்றம்,
அதை ஆருக்கும் சொல்லேல்லை.

பிறகொரு நாள் கவுண்டரில் எமில்டா வந்து நிண்டா,
கையில் மீன் மணம், மற்றக் கையில் றிசீற்.
"கூடியிருக்கோ?"
"ஒன்பது தசம் ஒண்டு. குளிசையை விடாதேங்கோ."
கடதாசியை மடிச்சு பிளவுசுக்குள்ளே வைச்சுக்கொண்டு
ஐலண்ட் பஸ்ஸுக்கு ஓடினா.

மற்றவரின்ர றிப்போட் எனக்கு இன்னும் வரேல்லை.
அண்டைக்கு யன்னலால் நான் பார்த்த சிவப்பு
நல்லூரில் அரசன் இருந்த நாளில் எடுத்த குழாய்.
அறுநூறு வருஷம் வழியில் வந்தது.
அதுக்குப் பிறகு ஆள் இருக்கோ,
இடிஞ்சு போச்சோ,
எந்த மெஷினும் சொல்லாது.

இண்டைக்கும் இரவு டியூட்டி.
சைக்கிளைப் பூட்டிப்போட்டு ஒருக்கால் அண்ணாந்தேன்.
இருக்குது.
அல்லது
இருந்தது.
கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.
மேசையில் பதினொரு குழாய்.